பாலத்தில் கூப்பிட வேண்டியவன்

பீஷியா மூன்றாவது கூடைச் சிப்பியைத் தரையில் கவிழ்த்தபோது மாடி ஜன்னல் திறந்தது. தம்பி எழுந்துவிட்டான். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் முகக்கவசத்துடன் நின்றுகொண்டு வழக்கம்போல இருமுறை தொண்டையைச் செருமினான்.

"முப்பத்தாறு புள்ளி நாலு" என்று வெப்பமானியைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற? வார்டு அலுவலகத்துப் பொண்ணு போன்ல கூப்பிடும்போது அவகிட்ட சொல்லு."

"அவகிட்டயும் சொல்லுவேன். பேச வேற ஆளு யாரு இருக்கா?"

அவள் அடுத்த சிப்பிக்குக் கை நீட்டினாள். சிப்பியை இடது கையில் எடுத்து, கத்தி முனையை மூட்டில் செருகி, ஒரு திருகு. ஓடு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். பதினாறு வயதில் பிடித்த கத்தி. இப்போது நாற்பத்தேழு. வாய் பேசினாலும் பேசாவிட்டாலும் கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். தூங்ஷியில் கடலோரத்துத் தெருக்கள் எல்லாமே இப்படித்தான், வீட்டுக்கு முன்னால் ஒரு முற்றம், முற்றத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் தாழ்ந்த முக்காலியில் குந்திய பெண்கள், அவர்களைச் சுற்றி மலையாக ஓடு. சித்திரை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாடைக் காற்று ஓய்ந்து சிப்பி சதை பிடிக்கத் தொடங்கும் காலம். மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் கொட்டகையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து ஊரையே உரித்துப் போட்டிருப்பார்கள். மாடியில் வெளிநாட்டிலிருந்து வந்தவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் நாலு பேரும் ஆளுக்கொரு சாக்கு சொல்லி நின்றுவிட்டார்கள். ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்திக்குப் பேரப்பிள்ளை. மீதி இருவர் சாக்குச் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

வீடு அப்பாவுடையது. பீஷியா கட்டிக்கொண்டு போனது பின் தெருவுக்குத்தான், அதனால் வேலை இன்னும் இங்கேதான். தம்பி லியாங் பதினோரு வருஷமாக வியட்நாமில், செருப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அவள்தான் அவனை போனில் கூப்பிட்டாள்.

"இதயம் ஓய்ஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொல்றார். வந்துடு" என்றாள்.

அப்போதே அவளுக்குத் தெரியும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பதினாலு நாள் ஒரே அறையில் அடைந்து கிடக்க வேண்டும் என்று. அதற்கும் வழி செய்துதான் வைத்திருந்தாள். கணவனின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு டவுனில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு காலி அறை. தலையணை உறைகூட மாற்றிவிட்டு வந்தாள். பதினாலு நாள் அங்கே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அதற்குள் அப்பாவுக்கு முடிவு நெருங்கிவிட்டால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார், இவன் ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸ் போவதையாவது பார்ப்பான். இதுதான் அவள் போட்ட திட்டம்.

விமான நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தங்கப் போகும் முகவரி என்று ஒரு கட்டம். லியாங் பேனாவை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து, பட்டாளத்துக்குப் போனபோது, வங்கியில், பாஸ்போர்ட்டில், எங்கே முகவரி கேட்டாலும் அவன் கை எழுதியது ஒரே முகவரிதான், குடும்பப் பதிவேட்டில் இருக்கும் இந்த வீட்டு முகவரி. அன்றைக்கும் கை அதையே எழுதிவிட்டது. வீட்டில் முதியவர், நோயாளி உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்தான். அதுவும் உண்மைதான், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். டவுன் அறையின் முகவரியை எழுதியிருக்க வேண்டும் என்று காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அந்த முகவரி கணினிக்குள் போய், அங்கிருந்து வார்டுத் தலைவரின் போனுக்கு வந்து, போலீஸ் நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் கைபேசி அந்த வீட்டைவிட்டு நகர்ந்தால் எங்கோ ஒரு மணி அடிக்கும் என்றார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவன் அடைந்திருக்கும் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவரோ நோயாளியோ கால் வைக்கக் கூடாது. பதினாலு நாளும் அப்படித்தான்.

இன்று ஆறாவது நாள்.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே தினமும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். போன திங்கட்கிழமை வாயில் குழாய் வைக்கும்வரை கேட்டார்.

"என்னை எப்ப வீட்டுக்குக் கொண்டுபோறீங்க?"

சாகிறவர் கடைசி மூச்சை வீட்டுக் கூடத்தில், முன்னோர் பெயர் பொறித்த பலகைக்கு எதிரே விட வேண்டும். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் இல்லை என்றதும் கையால் காற்று அமுக்கும் பையை மூக்கில் வைத்து, ஒரு மூச்சை மிச்சம் வைத்து, ஆம்புலன்சில் கொண்டுவருவார்கள். வீட்டில் இறக்கி, வந்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் பையை எடுப்பார்கள். வெளியே உயிர் போனவரின் உடம்பை வாசலுக்குள் ஏற்ற மாட்டார்கள், ஊர் எல்லையிலேயே கூடாரம் போட வேண்டியதுதான். அப்பா அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறார், இரண்டு பேருமே கடலில் போனவர்கள். "நாய் மாதிரி வெளியில கிடந்தாங்க" என்று வருஷாவருஷம் சொல்லுவார்.

காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, கூட்டிப் போவதானால் நண்பகலுக்குள் வாருங்கள் என்றாள் செவிலி.

பீஷியா கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். அழுகை வரும் என்று ஒரு கணம் நின்று பார்த்தாள், வரவில்லை. ரப்பர் பூட்சைக் கழற்றாமலேயே வார்டுத் தலைவர் ஹோங் வீட்டுக்கு நடந்தாள்.

ஹோங்குக்கு அறுபத்தெட்டு வயது. அப்பாவோடு ஒரே படகில் சிப்பிக் கழி நட்டவர். வார்டில் இப்போது அடைந்து கிடக்கும் முப்பத்தொரு பேருக்கும் நீலப் பையில் நூடுல்ஸ், டப்பா மீன், பிஸ்கட், பதினாலு முகக்கவசம், ஒரு வெப்பமானி என்று தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு மணியடித்து, ஆறடி தள்ளி நின்று கும்பிடுவார். தெருவில் யாராவது முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கினால் பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டுவார். வீட்டுக் கூடமே கிடங்கு மாதிரி இருந்தது. நடுவில் உட்கார்ந்து அரிசிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ளன்னு சொல்லிட்டாங்க."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "உட்காரு."

"உட்கார நேரமில்ல. தம்பியை டவுன் ரூமுக்கு மாத்துங்க. இப்பவே."

"இப்பவேன்னா எப்படிம்மா? இடம் மாத்த சுகாதார அலுவலகத்துல விண்ணப்பம் போடணும். அவங்க வண்டி அனுப்பணும். சாதாரண வண்டியில ஏத்த முடியாது. முந்தாநாளே போட்டிருந்தா..."

"முந்தாநாள் அப்பா கண்ணைத் திறந்து பார்த்தாரு சித்தப்பா. பொழைச்சுக்குவாருன்னு நெனச்சேன்."

"சரி. லியாங் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க அனுமதி உண்டு. அஞ்சு நாள் முடிஞ்சிடுச்சுல்ல? மூக்குல குச்சி விட்டு எடுப்பாங்க, முடிவு நாளைக்குச் சாயந்திரம் வரும். வந்ததும் பாதுகாப்பு உடுப்பு போட்டு ஒரு மணி நேரம்..."

"நாளைக்குச் சாயந்திரம் அங்க யாரு இருக்கப் போறா?"

ஹோங் கஞ்சிக் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அவன் மாடி ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு இருப்பான். அப்பா கீழே கூடத்துல இருப்பாரு. நடுவுல ஒரு மச்சு இருக்கு. யாருக்கு என்ன ஆயிடும்?"

"ஆம்புலன்ஸ்காரன் கேப்பான். முகவரியைத் தட்டினதுமே அவன் திரையில வந்துடும். உள்ள வரமாட்டான்."

"நீங்க சொன்னா வருவான்."

"நான் சொல்ல மாட்டேன்."

பீஷியாவுக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. மரத்துப்போன கையால் எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல் இருந்தது. "தலைவரே" என்றாள். அப்படி அவரை அவள் என்றும் கூப்பிட்டதில்லை. "தலைவரே, தினமும் ரெண்டு மணிக்கு டிவியில உட்கார்ந்து தொத்து நம்பர் சொல்றாங்களே, அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்" என்றார் ஹோங். குரலை உயர்த்தவில்லை. "என் தங்கச்சியை உனக்கு ஞாபகம் இருக்காது. வடக்க ஒரு ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற வேலை. பதினேழு வருஷத்துக்கு முன்னால அந்த இன்னொரு காய்ச்சல் வந்துச்சே, அப்ப. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. மாஸ்க் கிடையாது, எந்தக் கதவைப் பூட்டணும்னு தெரியாது, யார் எங்க இருக்காங்கன்னு தெரியாது. பதினோராம் நாள் ஒரு டப்பாவுல சாம்பலா வந்தா. அதையும் நான் வீட்டுக்குள்ள ஏத்தல, ஊர் விடல. இன்னைக்குக் கதவைப் பூட்டத் தெரிஞ்சிருக்கு. நான் பூட்டுறேன். உங்கப்பா என்னைத் திட்டினா திட்டட்டும், மேல போய் வாங்கிக்கிறேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள். "வெளியில விட்டா எப்படி இருக்கும்னு."

சுவரில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஹோங் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவர் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, திரும்பிப் போனாள்.

"கொட்டகை" என்றாள் பீஷியா.

"என்ன?"

"முற்றத்துல இருக்கிற கொட்டகை. அது வீட்டோட ஒட்டல. தனிக் கூரை. அவன் ஜன்னலுக்கும் அதுக்கும் நல்ல தூரம்."

"கொட்டகை வீடாகுமா?"

"அதை நீங்கதான் சொல்லணும். வார்டுல எது வீடு, எது வீடில்லன்னு பதிவேடு உங்ககிட்டதான இருக்கு?"

ஹோங் கஞ்சிக் கிண்ணத்தை மூடிவைத்தார். பிறகு எழுந்து, பைகளுக்குப் பின்னால் தடவி ஒரு கயிறும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார். முற்றத்துக்கு வந்ததும் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே கயிற்றின் ஒரு நுனியை அவளைப் பிடிக்கச் சொல்லி, கொட்டகைவரை முழம் போட்டார். சிப்பி கட்டும் கயிறு, அவர் முழத்தில் தப்பு வராது.

"ஏழு மீட்டர்" என்றார். "ஜன்னலைப் பாதிக்கு மேல திறக்காதடா லியாங். மாஸ்க்கைக் கழட்டாத. கீழ இறங்கின, நானே போலீஸைக் கூப்பிடுவேன்."

"சரி சித்தப்பா" என்றான் லியாங். அவனுக்கு இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் சரி என்றான்.

ஹோங் வாசல் நிலைக்குப் பக்கத்தில் திருகியிருந்த நீல நிற எண் பலகையைக் கழற்றினார். தெருப் பெயர், வீட்டு எண், உப்புக் காற்றில் ஓரமெல்லாம் துரு. அதைக் கொட்டகையின் முன் தூணில் வைத்து நாலு திருகாணியையும் முறுக்கினார்.

"பலகை எங்க இருக்கோ அங்க வீடு" என்றார். "என் பதிவேட்டுல அப்படித்தான். வேற யாராவது கேட்டா எங்கிட்ட அனுப்பு. நான் இங்கயே இருந்து இடத்தைச் சுத்தம் பண்றேன். நீ கெளம்பு."

அவள் ஸ்கூட்டரை உதைக்கும்போது பார்த்தாள், அவர் அவளுடைய முக்காலிகளை ஒதுக்கி, சிப்பி ஓட்டை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். லியாங் ஜன்னலில் நின்று, அக்கா அக்கா என்று இரண்டு முறை கூப்பிட்டான்.

"போனைக் கையில வெச்சுக்க" என்று கத்தினாள். "அப்பாவைக் கொண்டுவரேன், வண்டியில இருந்து கூப்பிடுவேன். பாலம் வரும்போது நீதான் சொல்லணும்."

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் உள்ளே. கழுத்தில் அட்டை, நெற்றியில் வெப்பமானி, இரண்டு தடவை கை கழுவல். அப்பாவைப் படுக்கையிலிருந்து மாற்றும்போது அவர் பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தது. ஐம்பது வருஷம் சேற்றில் நின்று சிப்பி ஓடு கிழித்த பாதம், வெள்ளைக் கோடுகளாகத் தழும்பு. அவள் அதைப் போர்வைக்குள் தள்ளினாள். குளிர்ந்திருந்தது.

ஆம்புலன்சில் இரண்டு பையன்கள். ஒருவன் ஓட்டினான், இன்னொருவன் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கினான். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடிக்குள் வியர்வை.

"முகவரியில ஒருத்தர் தனிமையில இருக்கார்னு காட்டுது" என்றான் அமுக்குகிறவன்.

"வீட்டுக்குள்ள போகல. முன்னால கொட்டகை. நம்பர் பலகை அங்கதான் இருக்கு."

அவன் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு, "எங்க வூட்டுலயும் போன வருஷம் தாத்தாவைக் கொண்டாந்தோம்" என்று சொல்லிவிட்டு, அமுக்குவதைத் தொடர்ந்தான்.

அவள் தம்பியைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, போனை அப்பாவின் காதோரம் தலையணையில் வைத்தாள்.

சாகிறவரைக் கொண்டுபோகும்போது வழி சொல்லிக்கொண்டே போக வேண்டும். திருப்பம் வந்தால் திருப்பம் என்று, பாலம் வந்தால் பாலம் என்று. சொல்லாவிட்டால் உயிர் குழம்பி வழியிலேயே நின்றுவிடும். அதுவும் தண்ணீரைத் தாண்டும் இடத்தில் கட்டாயம் கூப்பிட வேண்டும், மூத்த மகன்தான் கூப்பிட வேண்டும். கட்டிக்கொடுத்த மகள் கூப்பிட்டால் அவள் புகுந்த வீட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வாராம்.

"லியாங், வலது பக்கம் திரும்புறோம். மருந்துக்கடைத் திருப்பம்."

"அப்பா, வலது பக்கம் திரும்புறோம்." போனில் அவன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "மருந்துக்கடை. கூடவே வாங்க."

"நேர் ரோடு. கரும்பு வயல்."

"அப்பா, நேர் ரோடு. கரும்பு வயல். நீங்க அப்ப சைக்கிள்ல என்னை வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த ரோடுதான். வாங்கப்பா."

"அதெல்லாம் வேண்டாம்டா. வழியை மட்டும் சொல்லு."

"சரிக்கா."

வெளியே வெயில் மங்கலாக அடித்தது. மீன் குட்டைகளில் காற்றுச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. ஊருக்கு முன்னால் ஆறு கடலைச் சேரும் இடத்தில் நீளப் பாலம், அது ஒன்றுதான் வழியில் பெரிய தண்ணீர். பாலத்தின் ஏற்றம் தெரிந்தது.

"லியாங், பாலம் வருது. தயாரா இரு."

பதில் இல்லை. போனில் டுக் டுக் என்று ஒரு சத்தம் நடுவில் வந்து வந்து போனது.

"லியாங்!"

"அக்கா, அந்தப் பொண்ணு கூப்பிடுறா."

"எந்தப் பொண்ணு?"

"அலுவலகத்துப் பொண்ணு. காலையில கூப்பிடல, இப்பக் கூப்பிடுறா. என்ன பண்ண?"

தினமும் இரண்டு முறை வார்டு எழுத்தர் பெண் கூப்பிடுவாள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, அறையில்தான் இருக்கிறீர்களா. எடுக்காவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுவாள், அதையும் எடுக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் போலீஸ் வாசலில் நிற்கும். முற்றத்தில் போலீஸ் வண்டி நின்றால் இந்தப் பையன்கள் ஆம்புலன்சை நிறுத்துவார்களா? அப்பா தெருவிலேயே கிடப்பாரா? பாலம் நெருங்கிவிட்டது.

"அக்கா, விட்டுடவா?"

"எடு" என்றாள்.

"பாலம்..."

"எடுடா! போலீஸ் வந்தா எல்லாம் போச்சு. எடு, பேசிட்டுக் கூப்பிடு."

போன் அணைந்தது. சக்கரங்கள் பாலத்தின் முதல் இணைப்பில் ஏறித் தடக் என்றன. பையை அமுக்குகிறவன் அவளைப் பார்த்தான். ஓட்டுகிறவன் கண்ணாடியில் பார்த்து வேகத்தைக் குறைத்தான், அவனும் இந்தக் கரைக்காரன்தான்.

அவள் வாயைத் திறந்தாள். அப்பாவின் காதோரம் குனிந்தாள்.

"அப்பா, பாலம்" என்றாள். "பாலம் தாண்டுறோம். வாங்க."

அவ்வளவுதான் வந்தது. நீளப் பாலம், இறங்கும்வரை நாலைந்து தடவையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். தடக், தடக் என்று இணைப்புகள் எண்ணிக்கொண்டே போயின. இறங்கிய பிறகுதான் போன் மறுபடி அடித்தது.

"முடிஞ்சிடுச்சாக்கா?"

"முடிஞ்சிடுச்சு. உப்பளம் தாண்டி இடது பக்கம், சொல்லு."

"அப்பா, இடது பக்கம்" என்றான் லியாங்.

கொட்டகை தண்ணீர் விட்டுக் கழுவிக் கிடந்தது. அவளுடைய வேலைப் பலகைகளைச் சேர்த்துப் படுக்கை போட்டு, அதன்மேல் புதுப் பாய் விரித்திருந்தார் ஹோங். எவ்வளவு கழுவினாலும் சிப்பி வாசனை போகாது. அப்பாவை இறக்கிப் படுக்க வைத்தார்கள். ஏழு மீட்டருக்கு அப்பால், பாதி திறந்த ஜன்னலில் லியாங் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீடு வந்தாச்சா?" என்று கேட்டான் பையை அமுக்குகிறவன். அதை யாராவது சொன்னால்தான் அவன் கையை எடுப்பான்.

பீஷியா மேலே பார்த்தாள். ஹோங்கும் மேலே பார்த்தார்.

"சொல்லுடா" என்றார் ஹோங்.

லியாங் முகக்கவசத்துக்குள் ஏதோ சொன்னான். கேட்கவில்லை. "சத்தமா" என்றார் ஹோங்.

"அப்பா, வீடு வந்தாச்சு!"

பையன் கையை எடுத்தான். அப்பாவின் மார்பு இரண்டு முறை தானாக ஏறி இறங்கியது. மூன்றாவது முறை பாதியில் நின்றது. பதினொன்று ஐம்பத்திரண்டு என்று பையன் தாளில் எழுதினான். ஹோங் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூணோரம் திரும்பி நின்றார். ஜன்னலில் லியாங் நெற்றியைக் கம்பியில் முட்டி முட்டி அழுதான். பீஷியாவுக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. கூடையில் உடைக்காத சிப்பி வெயிலில் இருக்கிறதே, வாய் திறந்துவிடுமே என்றுதான் மனசு ஓடியது.

இரண்டு மணிக்கு ஹோங்கின் போனில் அந்தப் பேட்டி ஓடியது. நாடு முழுக்க இன்று புதிதாக ஒருவருக்கும் தொற்று இல்லை, பூஜ்யம் என்று அறிவித்தார்கள். தெருக்கோடியில் யாரோ கைதட்டினார்கள்.

"நல்லது" என்றாள் பீஷியா. அதை அவள் மனசாரச் சொன்னாள். நல்லதுதான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதனால் யாரைக் கோபித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

உடலைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். மூத்த மகன் வெளியே வரும்வரை முக்கியமான சடங்கு எதுவும் கிடையாது. ஒன்பது நாள் குளிர்பெட்டி கொட்டகையில் உறுமிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு அவள் சிப்பி உடைத்தாள். வேறு இடம் இல்லை. காலையில் மேலேயிருந்து முப்பத்தாறு புள்ளி நாலு, முப்பத்தாறு புள்ளி மூன்று என்று குரல் வரும். மத்தியானம் பால்மீன் கஞ்சியை வாசல்படியில் வைத்துவிட்டு வருவாள். துக்கம் கேட்க வந்தவர்கள் தெருவில் நின்றபடியே குனிந்துவிட்டுப் போனார்கள். சிலர் எண் பலகையைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். கொட்டகை எப்படி வீடாகும் என்றுதான் பேசியிருப்பார்கள், வேறென்ன.

பதினைந்தாம் நாள் காலை லியாங் படியிறங்கி வந்தான். முடி வளர்ந்து, வெளிறிப்போய், முற்றத்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். கிடக்கும் அப்பாவிடம் மண்டியிட்டுத் தவழ்ந்தே வந்து நெற்றியைத் தரையில் வைத்தான். சடங்குக்காரர் அவன் கையில் இரண்டு காசு கொடுத்தார். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் ஆமாம். இரண்டும் பூவானால் இல்லை. இரண்டும் தலையானால் செத்தவர் சிரிக்கிறார், கேள்வி சரியில்லை என்று பொருள்.

"கேளு" என்றார்.

"அப்பா, வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டீங்களா?"

காசு சிமெண்டில் உருண்டு விழுந்தது. இரண்டும் பூ.

"மறுபடி கேளு."

"அப்பா, வந்துட்டீங்கதானே?"

இரண்டும் பூ. ஹோங் தூணிலிருந்த எண் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். லியாங் காசைப் பொறுக்கி எடுத்தான்.

"நான் வந்திருக்கக் கூடாது" என்றான். "நான் உள்ள இருந்ததாலதான். அவர் இடத்துல நான் படுத்துக்கிட்டேன்."

"சும்மா இரு" என்றாள் பீஷியா. அவன் கையிலிருந்து காசைப் பிடுங்கினாள். சடங்குக்காரர் தடுக்க வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"அப்பா, பாலத்துல தம்பி குரல் நின்னுபோச்சு. நான்தான் போனை எடுக்கச் சொன்னேன். நீங்க அங்கயே நின்னுட்டீங்களா?"

வீசினாள். ஒன்று தலை, ஒன்று பூ.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக எங்கோ அடைந்து கிடந்தது மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் ஒரேயடியாக வந்தது. "ஒன்பது நாளா அங்க நிக்கறாரு" என்றாள். "காத்துல நிக்கறாருடா."

லியாங் அவளைத் தூக்கி நிறுத்தினான். அப்பாவின் சட்டை ஒன்றையும் பற்றவைத்த ஊதுபத்தியையும் சடங்குக்காரர் கொடுத்து, பாலத்திலிருந்து அவரைக் கூட்டிவரச் சொன்னார். அவன் ஸ்கூட்டரை எடுத்தான், அவள் பின்னால் உட்கார்ந்து ஊதுபத்தி அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போய், வண்டியைத் திருப்பினார்கள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன. ஆற்றிலிருந்து உப்புக்காற்று சட்டையைப் படபடக்க வைத்தது.

"அப்பா" என்றான் லியாங். "பாலம் தாண்டுறோம். வாங்க, கூடவே வாங்க."

நடந்து போகிறவர்களைவிட மெதுவாக வண்டியை விட்டான். முதல் இணைப்பு, இரண்டாவது இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டான். பாதிப் பாலத்தில் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அலுவலகத்துப் பெண்தான், இன்று தனிமை முடிந்தது என்று சொல்லக் கூப்பிடுவாள். பதினாலு நாள் பழக்கம், அவன் கை தானாகப் பைக்குப் போனது.

"விடு" என்றாள் பீஷியா.

கையை எடுத்துத் திரும்பவும் கைப்பிடியில் வைத்தான். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. "அப்பா, பாலம்" என்று அவன் அதற்கு மேலே சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனான், ஊர்ப் பக்கத்து இறக்கம் வரும்வரை.